நாலு பழப் படம் யார் யாரிடம் இருந்தது

நம் காட்சிசாலைப் பதிவறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தபோது, உங்களில் ஒருவர் எழுதிய அட்டை மேஜைமேல் கிடந்தது. ஏதோ ஒரு பழைய ஓவியத்தின் அட்டை. "முன்பு யாரிடம் இருந்தது" என்ற கட்டத்தில் முத்து முத்தாக "தனியார் சேகரிப்பு" என்று எழுதியிருந்தீர்கள். கையெழுத்துக்கு நூற்றுக்கு நூறு. விஷயத்துக்கு முட்டை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்த இரண்டு வார்த்தைகளைக் கண்டால் ஆகாது. அது யார், அவருக்கு எப்படிக் கிடைத்தது, எதற்காக வைத்திருந்தார், எதற்காக விட்டுக்கொடுத்தார் என்பதையெல்லாம் ஒரே மூடி போட்டு மூடிவிடுகிற வார்த்தைகள் அவை. அந்த மூடிக்கு அடியில் ஒரு பெண்ணை நானே வைத்து மூடியிருக்கிறேன். அதனால்தான் இத்தனை எரிச்சல்.

அட்டை எழுதும் முறையை உங்களுக்கு அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு படத்தைப் பற்றி. பிரான்ஸ் தேசத்துக்காரர் ஒருவர் வரைந்தது. சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஒரு கிராமம் என்று நம் ஊர்ச் சுவர்களில் பதினைந்து வருஷம் தொங்கியது. அந்தப் பதினைந்து வருஷம் இன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம் காட்சிசாலைக்கு வருவதற்கு முன் நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஏலக் கம்பெனியில் குமாஸ்தா. மேட்டூர் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரத் துரைமார் மாற்றலாகிப் போனாலோ, செத்துப்போனாலோ, அவர்கள் பங்களாச் சாமான்களை ஏலம் போடுவது எங்கள் தொழில். எங்கள் சுமைகாரர்களுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டு ஒட்டிப் பயனில்லை. சுண்ணக்கட்டியால் குறி போட்டால் தோளில் பட்டே அழிந்துவிடும். அதனால் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஏலத்தன்று காலையில் கற்பூரம் காட்டிவிட்டு, விற்க வேண்டிய சாமானுக்கெல்லாம் குழைத்த சந்தனத்தில் குங்குமம் வைத்து ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் வாசலுக்கு வரும். இல்லையென்றால் யாரும் தொடக்கூடாது. பீரோவுக்கும் பொட்டு, நாற்காலிக்கும் பொட்டு, துரை குளித்த பீங்கான் தொட்டிக்கும் பொட்டு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு தடவைகூடச் சாமான் மாறிப் போனதில்லை, நான் வேலைக்குச் சேரும்வரை.

சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் தோண்டும் கரட்டுச் சுரங்கத்தில் மேலாளராக இருந்த ஒரு துரை காய்ச்சலில் இறந்துபோனார். அவர் மனைவி பிரெஞ்சுக்காரி. ஊரில் எல்லோரும் துரைசாணி என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பிள்ளை இல்லை. சொந்த தேசத்துக்கே போய்விடுவதென்று முடிவு செய்து எங்களைக் கூப்பிட்டனுப்பினார். பங்களா முழுக்க எங்களை நடத்திக் காட்டிவிட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த ஒரு படத்தின் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். இது மட்டும் என்னோடு வரும்" என்றார்.

இரண்டு சாண் உயரம், மூன்று சாண் அகலம். படத்தில் ஒரு மரமேஜை. அதன்மேல் வெண்ணெய்க் குவியல், அதில் செருகிய மரக்கரண்டி. பக்கத்தில் மூக்கு உடைந்த ஒரு நீலக் கூஜா. முன்னால் நான்கு பழங்கள். அவற்றில் ஒன்று பிளந்திருந்தது. கொட்டையைச் சுற்றி ரத்தச் சிவப்பு. அவ்வளவுதான். சாமியும் இல்லை, மனிதரும் இல்லை. இதையா கப்பலேற்றிக் கொண்டுபோகப் போகிறார் என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே புரிந்திருக்க வேண்டும். அப்பாவின் நண்பர் ஒருவர் அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து வரைந்த படமாம். கூஜா அவருடைய அம்மாவின் கூஜா. சின்ன வயதில் அதன் மூக்கை உடைத்து அடி வாங்கியவர் இவர்தான். அந்தப் பழத்தின் பெயர் பீச், வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தில் காய்த்தது. முதல் யுத்தத்தில் குண்டு விழுந்து வீடும் போயிற்று, மரமும் போயிற்று. "அந்த வீட்டில் மிச்சம் இருப்பது இந்த மேஜை அளவு இடம்தான்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஏலம் ஒரு வெள்ளிக்கிழமை. பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமைதோறும் சுவரில் மாட்டிய படங்களுக்கெல்லாம் பொட்டு வைப்பது நான்தான். ஏழெட்டு வயதிலிருந்து செய்துவந்த வேலை. அன்று சந்தனக் கிண்ணத்தோடு கூடத்தைச் சுற்றி வந்தபோது என் மனசு ஏதோ கண்ணாடிச் சாமான் கணக்கில் இருந்தது. கை அதுபாட்டுக்குப் போய் அந்தப் படத்தின் சட்டத்தில், கீழ் விளிம்பின் நடுவில், ஒரு பொட்டு வைத்துவிட்டது. சுவரில் ஒரு படம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை, கையில் குங்குமம். கைக்கு வேறென்ன தெரியும்? வைத்ததே எனக்குத் தெரியாது.

மூன்றரை மணிக்கு ஏலம் முடிந்தது. துரைசாணியின் மூன்று மரப்பெட்டிகளில் கடைசிப் பெட்டியை மூடுவதற்காகப் படத்தை எடுக்கப் போனால், சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சுமைகாரரைக் கேட்டேன். "பொட்டு இருந்துச்சுங்களே" என்றார். யாரோ ஒருவர் கையோடு வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். சில்லறைச் சாமான்களுக்கு வாங்கியவர் பெயரை எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை.

முதலாளியிடம் ஓடினேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பொட்டிக்குள்ள இருக்குதுன்னு சொல்லிரு. அந்தம்மா கப்பல் ஏறட்டும். நாம கண்டுபிடிச்சுப் பின்னால அனுப்பிக்கலாம்" என்றார்.

ரயில் ஐந்து மணிக்கு. பிளாட்பாரத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டு நின்றேன். துரைசாணி ஜன்னல் வழியாகக் கேட்டார்: "படம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?"

"மூணாவது பெட்டியிலுங்க, அம்மா" என்றேன். எந்தப் பெட்டி என்பதுவரை சொன்னேன் பாருங்கள்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டு வைத்தது தவறு. அந்தத் தவறை யார் வேண்டுமானாலும் செய்வார்கள், நீங்களும் செய்வீர்கள். ரயில் கிளம்ப இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பார். ஊரில் தண்டோரா போட்டிருக்கலாம். படத்தை வாங்கியவர் ராசிபுரத்து நெய் வியாபாரி என்பதும், அன்று அவர் ஊருக்குத் திரும்பாமல் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளித் தன் மைத்துனர் கடையில்தான் தங்கியிருந்தார் என்பதும் ஏழு வருஷம் கழித்து எனக்குத் தெரியவந்தது. இரண்டு தெரு. வேலை போய்விடும் என்ற பயத்தில் அந்த இருபது நிமிஷத்தைத் தின்றுவிட்டேன். நம் தொழிலில் ஒரு பொருள் தொலைவது அந்த நிமிஷத்தில்தான்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. திட்டி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது பெட்டியில் படம் இல்லையென்றும், துறைமுகத்தில் எங்கோ மாறியிருக்க வேண்டுமென்றும், தயவுசெய்து விசாரிக்கும்படியும் எழுதியிருந்தார். "விசாரித்து வருகிறோம்" என்று பதில் எழுதினேன். அதன்பிறகு வருஷம் பிறந்தால் ஒரு கடிதம் வரும். ஒவ்வொன்றுக்கும் அதே பதில். என் கல்யாணம் நடந்தது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், சம்பளம் கூடியது. பதில் மட்டும் மாறவில்லை.

ஏழாவது வருஷம் சேலத்தில் விவசாயக் கைத்தொழில் பொருட்காட்சி போட்டார்கள். வீட்டாரோடு சுற்றிக்கொண்டிருந்தேன். பழங்கள் வைத்திருந்த கொட்டகையில், பூவன் தாருக்கும் ஏற்காட்டு ஆரஞ்சுக்கும் நடுவில் அந்தப் படம் தொங்கியது. மேலே ஒரு சாமந்தி மாலை. கீழே ஓர் அட்டையில் "சீமைப் பழங்கள்". அதில் இரண்டாம் பரிசு ரிப்பன் வேறு குத்தியிருந்தது. முதல் பரிசு வாழப்பாடிக்காரர் ஒருவரின் பப்பாளிக்கு.

கொட்டகைக்காரரிடம் கேட்டேன். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவர், படத்தில் வெண்ணெய் இருக்கிறதென்று தன் நெய்க் கடைக்கு விளம்பரமாகப் பால் பொருள் கொட்டகையில் மாட்டியிருக்கிறார். பழத்தைக் கொண்டுவந்து பால் கொட்டகையில் வைப்பதா என்று அதிகாரி சத்தம் போட்டதால் இங்கே மாற்றினார்களாம். "பரிசு யாருங்க கொடுத்தது?" என்றேன். "ரிப்பன் ஒண்ணு மிச்சம் இருந்துச்சுங்க" என்றார்.

நான் படத்தைப் பார்க்கவில்லை. சட்டத்தின் கீழ் விளிம்பைப் பார்த்தேன். நான் வைத்த பொட்டு கறுத்துப்போய் அங்கேயே இருந்தது. குனிந்து அதையே தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி "என்னங்க ஆச்சு?" என்றாள். "வெயில்" என்றேன்.

உடனே ராசிபுரம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏற்காட்டில் ஒரு பெரிய ஏலம் இருந்தது என்பது நான் மற்றவர்களிடம் சொன்ன காரணம். படத்தை மீட்டால் ஏழு வருஷப் பொய்யையும் எழுத வேண்டிவருமே என்பது உண்மைக் காரணம். ஒரு மாதம் கழித்துப் போனபோது நெய்க் கடைச் சுவரில் ஒரு வெளிறிய கட்டம்தான் இருந்தது.

வியாபாரி நல்ல மனிதர். உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார். அவருடைய நெய் டின்களை ஏற்றிப்போகும் லாரிக்காரர் செங்கோடன், நாமக்கல் பக்கம். செங்கோடன் மனைவி பாவாயி கோயிலுக்கு வந்த வழியில் கடையில் சற்று உட்கார்ந்திருக்கிறாள். மசக்கை. படத்தில் இருந்த பழத்தைத் தின்ன வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. செங்கோடன் லாரி ஓட்டிப்போன சந்தையெல்லாம் தேடியிருக்கிறார். பெயர் தெரியாத பழத்தை எங்கே போய்த் தேடுவது?

"வாயும் வயிறுமா இருக்கற புள்ளைங்க. பழந்தான் கெடைக்கலை, படத்தையாச்சும் கொண்டுட்டுப் போ சாமின்னு களட்டிக் குடுத்துட்டனுங்க. மசக்கைக்காரி ஆசைப்பட்டதை இல்லைன்னு எப்பிடிங்க சொல்றது?" என்றார்.

நம் அட்டையில் வாங்கியது, ஏலம், நன்கொடை, வாரிசு என்று கட்டங்கள் இருக்கின்றன. மசக்கைக்கு ஒரு கட்டம் இல்லை.

நாமக்கல் போவதையும் தள்ளிப்போட்டேன். பிறகு யுத்தம் வந்தது. துரைசாணியின் தேசம் ஜெர்மன்காரன் கைக்குப் போனதும் கடிதப் போக்குவரத்து நின்றது. படத்தை மீட்டாலும் எங்கே அனுப்புவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஐந்தாறு வருஷம் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் பழைய கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. முன்னைவிட எழுத்து நடுங்கியிருந்தது. குடியிருந்த வீடு இந்த யுத்தத்திலும் போய்விட்டது; உறவென்று யாரும் மிச்சமில்லை. படத்தை இனி எதிர்பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார். "ஒன்றே ஒன்று கேட்கிறேன். கூஜாவின் உடைந்த மூக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? எனக்கு மறந்துவிட்டது. தூங்கப்போகும்போது அந்த மேஜையை நினைத்துக்கொள்வேன். இப்போது கூஜாவை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் அதைப் பார்த்தவர். உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

எனக்கு நினைவில்லை. பதினைந்து வருஷத்தில் நான் நினைத்ததெல்லாம் என் பொட்டைத்தான். ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன்.

மறுநாளே நாமக்கல் பஸ் ஏறினேன். இறங்கி இரண்டு மைல் நடை. ஓட்டு வீடு. வாசலில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. சொத்தைக் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாவாயியைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னேன்.

"நாந்தானுங்க. வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. தண்ணி குடிங்க" என்று எழுந்தாள்.

"ராசிபுரத்து நெய்க்கடையில ஒரு படம் கொடுத்தாங்களே அம்மணி, அதுல கூஜா மூக்கு எந்தப் பக்கம் உடைஞ்சிருக்குதுன்னு பாத்துட்டுப் போகணும்" என்றேன். எனக்கே கிறுக்குத்தனமாகப் பட்டது.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்க்கவும் இல்லை. "எடது பக்கமுங்க. கரண்டிக்கு அக்கட்டால. கூஜாவுக்குப் பொறத்தால ஒரு எலை விழுந்து கெடக்கும், அது தெரியுமுங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த இலை இருந்தது. அடுப்படிக்குப் போகும் வழியில், சாமி படங்களோடு அதுவும் தொங்கியது. சட்டத்தில் நான் வைத்த இடத்திலேயே புதுப் பொட்டு. வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேலேயே வைத்துவந்திருக்கிறாள்.

செங்கோடன் எங்கே என்று கேட்டேன். பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்து பர்மாவுக்குப் போனாராம். அவள் ஒரு காகிதத்தை எடுத்துவந்து கொடுத்தாள். மடிப்பில் கிழிந்து, சோறு வைத்து ஒட்டியிருந்தது.

"செத்துட்டாருன்னு எழுதலைங்க. காணோம்னுதான் எழுதியிருக்குது. நல்லாப் படிச்சுப் பாருங்க."

படித்தேன். அப்படித்தான் இருந்தது.

"இந்தப் பழத்துப் பேருக்காவ அவரு கேக்காத எடமில்லைங்க. ஈரோட்டுச் சந்தையில கேட்டாரு, மேட்டுப்பாளையத்துல கேட்டாரு. ஒருத்தருக்கும் தெரியலை. புள்ளை பொறந்து அது நடக்கற வரைக்கும் தேடுனாரு. பட்டாளத்துக்குப் போறப்ப, கடலுக்கு அக்கட்டால எங்கியாச்சும் இருக்கும் அம்மணி, பேரத் தெரிஞ்சுட்டு ரெண்டு பழத்தோட வாரேன்னு சொல்லிட்டுப் போனாருங்க."

"பீச்" என்றேன். "அந்தப் பழத்துப் பேர் பீச்."

"பீச்சுங்களா?" அவள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "இத்துனூண்டு பேருங்களா?"

அதற்குமேல் எதையும் மறைக்க என்னால் முடியவில்லை. பொட்டு வைத்தது, பிளாட்பாரத்தில் சொன்ன பொய், துரைசாணியின் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். என் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை. பாவாயி கடலையைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்டாள். அந்தம்மாவுக்கு ஊட்டுக்காரர் இருக்கிறாரா? பிள்ளை? ஒறம்பரை என்று சொந்தபந்தம்? மூன்றுக்கும் இல்லை என்றேன்.

படத்தைக் கேட்டுவிடலாம் என்ற ஆசை எனக்குள் முட்டிக்கொண்டு நின்றது. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. கேட்க வாய் வரவில்லை. துரைசாணிக்கு அதில் ஒரு வீடு இருந்தது. இவளுக்கு அதில் ஒரு மனிதர் இருந்தார். இரண்டில் எது பெரிதென்று சொல்ல நான் யார்? எழுந்து வந்துவிட்டேன். சேலம் வந்ததும் துரைசாணிக்கு எழுதினேன். மூக்கு இடப்பக்கம் என்று முதல் வரி. அடுத்த நான்கு பக்கமும் உண்மை.

ஒரு மாதம் இருக்கும். காலை பத்து மணி பஸ்ஸில் பாவாயி எங்கள் கம்பெனிக்கு வந்தாள். கம்பளியில் சுற்றிய படம் இடுப்பில் இருந்தது, பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி. மேஜைமேல் வைத்தாள்.

"அந்தம்மாவுக்கு அனுப்பீருங்க" என்றாள்.

"உன் வீட்டுக்காரர் திரும்பி வந்து படத்தைக் கேட்டா என்ன அம்மணி சொல்லுவ?"

"எனக்கு அவரு வருவாருன்னு இருக்குதுங்க. அந்தம்மாவுக்கு வாரதுக்கு ஆருமில்லைங்களே. படமாச்சும் போவட்டுங்க."

முதலாளிகூடத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். படம் யார் யாரிடம் இருந்தது என்று காகிதம் எழுதுவோம் அல்லவா, அதில் தன் புருஷன் பெயர் இருக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பழத்தைத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருநாள் இந்தப் படத்தைப் பார்த்தாலும் பார்ப்பார் என்று அவள் நம்பினாள். பிரான்ஸ் எங்கே, பர்மா எங்கே. கடலுக்கு அக்கட்டால என்பது அவளுக்கு ஒரே இடம்.

"பேரு என்னன்னு சொல்லு, எழுதறேன்" என்றார் முதலாளி.

அவள் புருஷன் பெயரை எப்படிச் சொல்லுவாள்? திருச்செங்கோட்டு மலை இருந்த திசையில் கையைக் காட்டினாள். "அங்க இருக்கற சாமி பேருங்க. இவுங்களுக்குத் தெரியும்" என்று என்னைப் பார்த்தாள். பிறகு என்ன எழுத வேண்டும் என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு தடவை திருத்தினாள். எழுதிவிடுவதாக வாக்குக் கொடுத்து அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

கப்பலுக்குக் கொடுக்கிற படிவத்தில் "கடைசியாக யாரிடமிருந்து" என்று ஒரு கட்டம். செங்கோடன், பாவாயி என்று நான் எழுதப்போனபோது முதலாளி தடுத்தார். "கம்பெனி பேரைப் போடு. லாரிக்காரன் பொண்டாட்டி பேரைப் போட்டா சுங்கத்துல நூறு கேள்வி கேட்பான். படம் துறைமுகத்துலயே கெடக்கும்" என்றார். அதில் நியாயமும் இருந்தது. நியாயம் இருப்பதுபோலத் தெரிகிற இடத்தில்தான் நான் எப்போதும் வாயை மூடிக்கொள்கிறேன். படிவத்தில் கம்பெனி பெயர் ஏறியது. மனசு கேட்கவில்லை. படத்தைத் திருப்பி, சட்டத்தின் பின்பக்கக் கட்டையில் பாவாயி சொன்னதைச் சொன்னபடியே, அவள் சொல்லாமல் விட்ட பெயரை மட்டும் நானே சேர்த்து, பென்சிலால் தமிழில் எழுதினேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

துரைசாணியிடமிருந்து சின்னக் கடிதம் வந்தது. "படம் வந்து சேர்ந்தது. இடப்பக்கம்தான். இலையை மறந்தே போயிருந்தேன். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்." அதன்பின் கடிதம் இல்லை. நான் எழுதியவை திரும்பி வந்தன.

பாவாயியை வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். மகளைப் பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டாள். போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "எழுதுனது அப்படியே இருக்குமுங்களா? அழிஞ்சிராதுங்களே?" அழியாது என்பேன்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு வெளிநாட்டு ஓவியக் காட்சியின் அட்டவணைப் புத்தகம் நம் நூலகத்துக்கு வந்தது. புரட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளையில் நாலு பழம். இப்போது அது ஒரு பெரிய காட்சிசாலையின் சொத்து. கீழே உடைமை வரலாறு: ஓவியர், துரைசாணியின் தகப்பனார், துரைசாணி, தனியார் சேகரிப்பு இந்தியா, சேலத்து ஏலக் கம்பெனி, மறுபடி துரைசாணி, காட்சிசாலை. காட்டப்பட்ட இடங்கள் என்று மூன்று சீமை நகரங்கள். பூவன் தாருக்குப் பக்கத்தில் இரண்டாம் பரிசு வாங்கியது இல்லை. கடைசியில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள்: சட்டத்தின் கீழ் விளிம்பில் சிவந்த கறை, காரணம் தெரியவில்லை. பின்புறம் பென்சிலில் சில கிறுக்கல்கள், படிக்க இயலவில்லை.

அவர்களுக்கு முழு விவரமும் எழுதினேன். "கோப்பில் சேர்த்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதிய குமாஸ்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

உங்களில் ஒருவர் அடுத்த மாதம் நம் வெண்கலச் சிலைகளோடு அந்தப் பெரிய காட்சிசாலை இருக்கிற ஊருக்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். யார் போனாலும் சரி, இந்தக் கிழவனுக்காக ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை கேட்டால்தான் செய்வார்கள், கேளுங்கள். எழுத்து என்னுடையது, கொஞ்சம் கோணலாக இருக்கும். அங்கே நின்று உரக்கப் படியுங்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்குப் புரியாது, பரவாயில்லை. பாவாயி சொன்னது இதுதான்:

"இது செங்கோடன் ஊட்டுப் படம். கேட்டவங்களுக்குக் குடுத்திருக்குது. பழத்துப் பேரு பீச்சாம், தெரிஞ்சுபோச்சு. இனித் தேட வேண்டாம். ஊட்டுக்கு வாங்க."